மீக்கடத்திகளும் கணினியின் நினைவும்

கணித்தலும் நினைத்தலும் ஒன்றையொன்று பிரியாதவை. நெடிய கூட்டற் கணக்கொன்றைச் செய்யும் மாணவன், ஓரிடத்திற் பெற்ற பத்துக்களை அடுத்த இடத்துக்குக் கொண்டு செல்லும் வரை மனத்தில் இருத்தல் வேண்டும். அதனை மறந்தானாயின், அவன் எத்துணை விரைவாகக் கூட்ட வல்லவனாயினும் விடை பிழைக்கும். மனிதன் ஆக்கிய கணினிக்கும் இது பொருந்தும். 1945 ஆம் ஆண்டில் யோன் வொன் நொய்மன் எழுதிய அறிக்கையொன்றிலே, கணிக்கும் உறுப்பும் நினைவை வைத்திருக்கும் உறுப்பும் வேறு வேறாகப் பிரிக்கப்பட்டன; எண்களோடு, செய்ய வேண்டிய கட்டளைகளையும் நினைவுறுப்பிலேயே எழுதி வைக்கும் முறையும் அதில் விளக்கப்பட்டது. அக்காலந் தொட்டுக் கணினி அமைப்போரைப் பெரிதும் வருத்தியது கணிக்கும் உறுப்பன்று, நினைவுறுப்பேயாம். இரசம் நிரப்பிய குழாய்களில் ஒலியலைகளாகவும், கதோட்டுக் கதிர்க் குழாயின் முகத்தில் மின்னேற்றப் புள்ளிகளாகவும் நினைவை நிறுத்த முயன்றனர். 1953 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்திலே, ‘வேள்விண்ட்’ என்னும் கணினியில் பெரைற்று வளையங்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு சிறு வளையமும் வலமாகவோ இடமாகவோ காந்தமேற்றப்பட்டு நிற்கும். ஒரு திசை 1 என்றும் மறு திசை 0 என்றும் கொள்ளப்படும். இங்ஙனம் இரண்டிலொன்றைக் குறிக்கும் மிகச் சிறிய நினைவுக்கூறே ‘பிற்று’ எனப்படுவது.

இப்பெரைற்று வளையங்கள் புழக்கத்துக்கு வந்த அதே ஆண்டில், அதே நிறுவகத்தில், வேறொரு பொருள் நினைவுக்கெனவே படைக்கப்பட்டதுபோற் காணப்பட்டது. அதுவே மீக்கடத்தி. ஆயின் எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் மீக்கடத்திக் கணினியைத் தடுத்து நிறுத்துவது நினைவகமே. நினைவுக்கு மிகப் பொருத்தமான பொருள் நினைவினாலேயே தோல்வியுற்றது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணுதற்கு, மீக்கடத்தியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த ஐக்கு கமர்லிங் ஒன்னெசு என்பவர், 1908 ஆம் ஆண்டு யூலை மாதம் 10 ஆம் நாள், ஈலிய வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். அத்திரவம் 4.2 கெல்வினில், அஃதாவது பனிக்கட்டி உருகும் நிலைக்கு 269 பாகை கீழே கொதிப்பது. இத்துணைக் குளிரில் உலோகங்களின் மின்றடை யாதாகும் என்பது அன்று அறிஞரிடையே நிலவிய வாதம். படிப்படியாகக் குறையும் என்றனர் சிலர். இலத்திரன்கள் உறைந்து போகத் தடை பெருகும் என்றனர் வேறு சிலர். தூய்மையாக்குவதற்கு எளிதானதெனக் கருதி இரசத்தை எடுத்து ஆராய்ந்த ஒன்னெசு, 1911 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், ஏறத்தாழ 4.2 கெல்வினில் அதன் தடை முற்றாக மறைந்தமையைக் கண்டார். குறைந்தது என்பதன்று, கருவிகளால் அளக்க இயலாதவாறு இல்லாமலே போயிற்று. பின்னர் வெள்ளீயமும் ஈயமும் அவ்வியல்பு உடையன எனக் கண்டனர். வெள்ளீயத்துக்கு 3.7 கெல்வினும், ஈயத்துக்கு 7.2 கெல்வினும், நையோபியத்துக்கு 9.2 கெல்வினும் மாறுநிலை வெப்பநிலைகளாம். இந்நிலையை அடைந்த பொருளே மீக்கடத்தி.

தடையில்லாத கம்பியை வளையமாக்கி, அதில் ஒருமுறை மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டால், அதனை நிறுத்துவார் எவருமிலர். மின்கலம் வேண்டியதில்லை, உந்துவது எதுவும் வேண்டியதில்லை, குளிர் நீங்காதவரை ஓட்டம் சுழன்றுகொண்டேயிருக்கும். ஒன்னெசு 1914 ஆம் ஆண்டில் ஈயச் சுருளொன்றில் இதனைச் செய்து காட்டினார். 1963 ஆம் ஆண்டில் பைல், மில்ஸ் என்னும் இரு அமெரிக்கர், மீக்கடத்திச் சுருளொன்றின் காந்தப்புலம் தேய்கின்றதா என நுட்பமாக அளந்து, அவ்வோட்டம் குன்றுதற்கு ஒரு இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது செல்லும் எனக் கணித்தனர். ஓலையில் எழுதியது சில நூறாண்டுகளிற் செல்லரிக்கும். கல்லில் வெட்டியதும் மழையிலும் வெயிலிலும் தேயும். இவ்வளையத்தில் வலமாகச் சுழலும் ஓட்டத்தை 1 என்றும் இடமாகச் சுழல்வதை 0 என்றும் கொண்டால், அழியாத எழுத்தொன்று கிடைத்துவிட்டது எனலாம்.

எழுத்து அழியாதிருத்தல் மட்டும் போதாது. வேண்டும்போது மாற்றவும் இயலவேண்டும். இங்கேதான் காந்தம் வருகின்றது. மீக்கடத்தியும் காந்தப்புலமும் இயல்பிற் பகையானவை. சாதாரணமான மீக்கடத்தி தன்னுள்ளே காந்தப்புலத்தைப் புகவிடாது வெளியே தள்ளும் என்பதை 1933 ஆம் ஆண்டில் பேர்ளினில் மைசுனரும் ஒக்சன்பெல்டும் கண்டனர். புலம் ஓரெல்லையைத் தாண்டி வலுத்தால் மீக்கடத்தியே தோற்றுச் சாதாரண உலோகமாகி, இழந்த தடையை மீளப் பெறும். இப்பகைமையை வேலைக்கமர்த்தலாம் என்பதை முதன்முதலாகத் தெளிவாகக் கண்டு செயற்படுத்தியவர், மேற்கூறிய மசச்சூசெற்சு நிறுவகத்தில் மாணவராயிருந்து ஆராய்ச்சி செய்த டட்லி பக் என்பவராவர்.

பக் ஆக்கிய கருவி மிக எளியது. ஓரங்குல நீளமுடைய தந்தாலக் கம்பி. அதன் விட்டம் 0.009 அங்குலம். அதன்மேல் 0.003 அங்குல விட்டமுள்ள நையோபியக் கம்பி ஒரே வரிசையாகச் சுற்றப்பட்டிருக்கும். இரண்டும் திரவ ஈலியத்தில் அமிழ்ந்திருக்கும். தந்தாலம் மீக்கடத்தியாவது ஏறத்தாழ 4.4 கெல்வினில்; ஈலியமோ 4.2 கெல்வினில் இருப்பது. எனவே தந்தாலம் மீக்கடத்தி நிலையின் விளிம்பிலே நிற்கின்றது. சிறிய காந்தப்புலமொன்று தீண்டினும் அந்நிலையிலிருந்து வழுவிவிடும். நையோபியமோ தன் எல்லைக்கு மிகக் கீழே உறுதியாக நிற்பதால் வழுவாது. சுருளிற் சிறிய ஓட்டத்தைச் செலுத்த, அதன் காந்தப்புலம் நடுக்கம்பியின் மீக்கடத்தலைக் குலைக்கும். ஓட்டத்தை நிறுத்த, நடுக்கம்பி மீண்டும் தடையற்றதாகும். ஒரு மின்னோட்டம் மற்றொரு மின்னோட்டத்தைத் திறக்கவும் அடைக்கவும் வல்ல மடை கிடைத்தது. குளிரைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லினின்று ‘கிரையோற்றன்’ என்று அதற்குப் பெயரிட்டு, 1956 ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய கட்டுரையைப் பக் வெளியிட்டார்.

இரண்டு கிரையோற்றன்களை எடுத்து, முதலாவதின் நடுக்கம்பியிற் செல்லும் ஓட்டம் இரண்டாவதின் சுருளினூடாகவும், இரண்டாவதின் ஓட்டம் முதலாவதின் சுருளினூடாகவும் செல்லுமாறு தொடுத்தால் யாது நிகழும்? ஓட்டம் ஒரு கிளையிற் பாயத் தொடங்கியதும் மற்றைக் கிளையைத் தானே அடைத்துவிடும். பின்னர் வெளியிலிருந்து மாற்றும் வரை அந்நிலை மாறாது. இரு நிலைகளுள் ஒன்றில் உறுதியாக நிற்பதால் இத்தொடுப்பு ஒரு பிற்றை நினைவில் வைத்திருக்கும். கணிக்கும் உறுப்பையும் நினைவுறுப்பையும் ஒரே பொருளால், ஒரே முறையால் ஆக்கலாம் என்னும் இக்கருத்து அன்று வியப்பை ஊட்டியது. அறைகளை நிரப்பும் வெற்றிடக் குழாய்க் கணினிகள் இயங்கிய காலத்திலே, பெருங்கணினி ஒன்றை, குளிரூட்டும் பொறிகள் நீங்கலாக, ஒரு கன அடிக்குள் அடக்கலாம் என்றும், அதற்கு அரை வாற்று வலுவே போதும் என்றும் பக் கணித்தார்.

குறையும் இருந்தது. கம்பியாலான கிரையோற்றன், அன்று வளர்ந்து வந்த திரான்சிற்றரிலும் மெதுவானது. கம்பியை நீக்கி மென்படலங்களாக உலோகத்தைப் படியச் செய்தால் வேகம் கூடும் என்பதை உணர்ந்து, அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த பக், 1959 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள், தமது முப்பத்திரண்டாவது வயதில், திடீர் நோயால் இறந்தார். இன்னும் இருபதாண்டுகள் அவர் வாழ்ந்திருப்பின் மீக்கடத்திக் கணினி வென்றிருக்கும் என்று கூறுவோர் உளர். அது மிகைக்கூற்றே. பின்வந்தோரைத் தடுத்த இடர் ஒருவரது கைத்திறனால் நீங்கக் கூடியதாக இருக்கவில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்து யேம்ஸ் குரோ 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவுக்கூறு, பக்கின் கருவியிலும் எளியது. ஈயப் படலத்தில் ஒரு வட்டத் துளையிட்டு, அதன் நடுவே ஒடுங்கிய பாலமொன்றை விட்டுவைத்தால், பாலத்தின் வழியே சென்று துளையின் ஓரங்களால் மீளும் நிலைபேறான ஓட்டம் உண்டாகும். மேலே செல்லும் கம்பியில் ஓட்டத்தைத் துடிப்பாகச் செலுத்த, பாலம் கணப்பொழுது மீக்கடத்தலை இழந்து, ஓட்டத்தின் திசை மாறி, மீண்டும் உறையும். ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் துளையுமின்றித் தொடர்ச்சியான படலத்திலேயே நினைவைப் பதிக்க முயன்றனர். ஒரு கூறு இயங்கியது. பத்துக் கூறுகளும் இயங்கின. பல்லாயிரங் கூறுகளை ஒரே தன்மையனவாக ஆக்குதல் அரிதாயிற்று. படலத்தின் தடிப்பிற் சிறிது வேறுபாடு இருப்பினும், ஓரம் சிறிது கரடாக இருப்பினும், ஒரு கூறு மாறும் ஓட்டத்தில் அடுத்தது மாறாது நின்றது. நினைவகம் என்பது ஒன்று நன்றாக இயங்குவதால் ஆவதன்று. எண்ணிறந்தவை ஒன்றுபோல் இயங்குவதால் ஆவது. இதற்கிடையே சிலிக்கன் சில்லுகள் தோன்றின. 1970 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் 1024 பிற்றுக்களை உடைய நினைவகச் சில்லை விற்பனைக்கு விட்டது. அறை வெப்பநிலையில் இயங்குவதை விட்டுத் திரவ ஈலியத்தை நாடுவார் யாவர்?

மீக்கடத்தி அத்துடன் மறைந்திருக்கும். அதனைக் காத்தது, 1962 ஆம் ஆண்டில், கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வயதினராயிருந்த பிரையன் யோசப்சன் செய்த கணிதமாகும். மீக்கடத்தியிலே இலத்திரன்கள் தனித்துச் செல்வதில்லை. எதிர்த்திசைத் தற்சுழற்சியுடைய இவ்விரண்டு சேர்ந்து கூப்பர்ச் சோடிகளாகச் செல்கின்றன என்பது 1957 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொள்கை. இரு மீக்கடத்திகளுக்கிடையே சில அணுக்களின் தடிப்பேயுள்ள காவலிப் படலம் இருப்பினும், அச்சோடிகள் தடையின்றி அதனை ஊடுருவும் என யோசப்சன் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே அண்டர்சனும் இரவலும் அதனைப் பரிசோதனையிற் கண்டனர். இத்தகைய அமைப்பு யோசப்சன் சந்தி எனப்படும். ஓட்டம் ஓரெல்லையைக் கடந்ததும் இச்சந்தி தடையற்ற நிலையினின்று தடையுள்ள நிலைக்கு, ஒரு செக்கனை இலட்சங் கோடியாகப் பகுத்த பங்குகளிற் சிலவற்றினுள் மாறிவிடும். கிரையோற்றனின் மந்தம் இதற்கில்லை.

ஐ.பி.எம். நிறுவனம் இச்சந்திகளால் அதிவேகக் கணினி ஒன்றை ஆக்கப் பல ஆண்டுகள் முயன்று, 1983 ஆம் ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டது. கணிக்குஞ் சுற்றுக்கள் ஏறத்தாழ எதிர்பார்த்தவாறு இயங்கின. அவற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டிய விரைவு நினைவகச் சில்லே பிந்திற்று. யப்பானியர் முயற்சியை விடவில்லை. 1995 ஆம் ஆண்டில் நெக் நிறுவனத்தார் நையோபியச் சந்திகளாலான 4096 பிற்று நினைவகமொன்றை வெளிப்படுத்தினர். ஒரு செக்கனின் இலட்சங் கோடிப் பங்குகளில் 380 பங்கினுள் அதனை வாசிக்கலாம். அக்காலத்தில் அது அரிய வேகமே. ஆயினும் அதே காலத்துச் சிலிக்கன் சில்லொன்றிலே பல இலட்சம் பிற்றுக்கள் இருந்தன. பின்னர் வந்த ஆண்டுகளில் இவ்விடைவெளி அகன்றதேயன்றிக் குறுகவில்லை. காரணம் தொழிலாளரின் கைத்திறக் குறைவன்று. அது இயற்கையின் விதியொன்றிலே வேரூன்றியது. கட்டுரையின் கரு இதுவாகலின் சிறிது விரித்துரைத்தல் தகும்.

மீக்கடத்தி வளையத்தினூடாகச் செல்லுங் காந்தப்பாயம் விரும்பிய அளவினதாக இருத்தல் இயலாது. அது சொட்டுச் சொட்டாகவே இருக்கும். ஒரு சொட்டு உண்டு, இரு சொட்டு உண்டு. ஒன்றரைச் சொட்டு இல்லை. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டீவர், பெயர்பாங்கு என்னும் இருவரும், செருமனியில் டொல், நேபவர் என்னும் இருவரும் வெவ்வேறாக இதனைக் கண்டனர். ஒரு பாயச் சொட்டின் அளவு 2.07 × 10⁻¹⁵ வேபர். இது எத்துணைச் சிறிது எனின், புவிமத்தியகோட்டை அண்டிய நாடுகளில் ஏறத்தாழ 40 மைக்கிரோ தெசுலாவாக உள்ள புவிக்காந்தப்புலத்தில், பக்கம் ஒவ்வொன்றும் 7 மைக்கிரோமீற்றர் கொண்ட சதுரத்தினூடாகச் செல்லும் பாயமே ஒரு சொட்டாகும். அச்சதுரத்தின் பக்கம் தலைமயிரின் தடிப்பிற் பத்திலொரு பங்கு. ஒரு சொட்டு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 எனக் கொண்டால், அதனிலும் சிக்கனமான நினைவு வேறெது?

சிறிது என்று மகிழும் இவ்விடத்தே இடர் தோன்றுகின்றது. ஒரு வளையம் வைத்திருக்கும் பாயம், அதன் தூண்டற்றிறனையும் அதிற் பாயும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. சந்தியிற் செலுத்தத்தக்க ஓட்டம் ஏறத்தாழ 100 மைக்கிரோ அம்பியர் எனக் கொள்க. அப்பெருக்கம் ஒரு பாயச் சொட்டை எட்டவேண்டுமாயின், வளையத்தின் தூண்டற்றிறன் ஏறத்தாழ 20 பிக்கோ ஹென்றியாக இருத்தல் வேண்டும். சாதாரண மீக்கடத்தித் தடத்துக்கு, ஒரு மைக்கிரோமீற்றர் நீளத்துக்குச் சுமார் ஒரு பிக்கோ ஹென்றியே கிடைக்கும். ஆகவே வளையத்தின் சுற்றளவு 20 மைக்கிரோமீற்றருக்குக் குறைதல் இயலாது. பரப்பு 25 சதுர மைக்கிரோமீற்றர் ஆகிவிடும். அதனை மாற்றவும் வாசிக்கவும் வேண்டிய சந்திகளுக்கும் தடங்களுக்கும் வேறு இடம் வேண்டும். இக்காலத்துச் சிலிக்கன் சில்லிலே விரைவு நினைவகக் கூறொன்று அடங்கும் பரப்பு ஏறத்தாழ 0.02 சதுர மைக்கிரோமீற்றரே, ஆயிரத்திலொரு பங்கு! ஓட்டத்தைக் கூட்டினால் வளையம் சிறுக்கும் எனின், செலவாகும் சக்தியும் எழும் வெப்பமும் கூடும். திரான்சிற்றரைச் சிறிதாக்க அது மேன்மேலும் நன்றாயிற்று. பாயச் சொட்டு இருக்கும் வளையத்தையோ சிறிதாக்க, அது சொட்டைக் கைவிட்டுவிடுகின்றது. வளையத்தில் என்றும் நில்லாது சுழலும் ஓட்டம் என்னும் அழகிய கருத்து, நெருக்கமாக அடுக்க முனைந்தபோது தோற்ற வரலாறு இதுவே.

கணித்தலிலோ மீக்கடத்தி வெற்றி மேல் வெற்றி பெற்றது. 1985 ஆம் ஆண்டளவில் மொஸ்கோப் பல்கலைக்கழகத்திலே லிக்காரெவ், முக்கானொவ், செமெனொவ் என்போர், ஒற்றைப் பாயச் சொட்டு சந்தியைத் தாண்டும்போது எழும் நுண்ணிய துடிப்பைக் கொண்டே கணிக்கும் முறையை வகுத்தனர். 1999 ஆம் ஆண்டில் இம்முறையில் ஆக்கிய எளிய சுற்றொன்று செக்கனுக்கு 77,000 கோடி தடவை துடிக்கும் அலையையும் பின்தொடர்ந்தது. ஒரு துடிப்புக்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழ 2 × 10⁻¹⁹ யூல். இவ்வளவு விரைவாகவும் சிக்கனமாகவும் கணிப்பவன், கணித்ததை எழுதி வைக்க ஏடின்றி நிற்பது இரங்கத்தக்கதன்றோ?

நினைவகத்தை அறை வெப்பநிலையில் வெளியே வைத்து, கணிக்கும் உறுப்பை மட்டும் குளிரில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஆழ்ந்த கிணற்றிலிருந்து நீர் இறைப்பவர் இதற்கு விடை அறிவர். குளிர்நிலையில் எழும் வெப்பத்தை வெளியேற்றுதல் கிணற்றில் ஊறும் நீரை இறைப்பது போன்றது. கிணறு ஆழமாக ஆக, ஒவ்வொரு பட்டை நீருக்கும் வேண்டிய உழைப்புக் கூடும். 4.2 கெல்வினில் எழும் ஒரு வாற்று வெப்பத்தை அறை வெப்பநிலைக்கு ஏற்ற, குறையற்ற பொறிக்கே 70 வாற்று வேண்டும். உண்மைப் பொறிகளுக்குச் சில நூறு வாற்று வேண்டும். மேற்கூறிய நுண்ணிய துடிப்புக்களின் வெப்பத்தை அவ்வாறு பெருக்கிய பின்னரும் இலாபம் எஞ்சும். ஆயின் வெளியிலுள்ள நினைவகத்துக்கும் உள்ளேயுள்ள கணிப்பானுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கம்பிகள் செல்லவேண்டும். மின்னை நன்கு கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்கு கடத்தும். ஒவ்வொரு கம்பியும் கிணற்றில் வெட்டிவிட்ட புதிய ஊற்றாகும்! செய்தி கம்பியிற் சென்று மீளும் காலமும் வேகத்தை விழுங்கும். ஆகவே நினைவகமும் குளிரிலேயே, கணிப்பானுக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும் என்பது தெளிவு. 1986 ஆம் ஆண்டில் பெட்னோர்சும் முல்லரும் கண்ட வகையினவான பீங்கான் மீக்கடத்திகளுட் சில, திரவ நைதரசனின் வெப்பநிலையிலேயே மீக்கடத்துமாகையால் கிணற்றின் ஆழம் குறையும் என எண்ணப்பட்டது. அப்பொருள்களில் ஒரே தன்மையான சந்திகளை ஆயிரக்கணக்கில் ஆக்குதல் மிகக் கடினம் எனக் கண்டமையால், கணினி அமைப்போர் நையோபியத்தையே பற்றி நின்றனர்.

இந்நிலையில் ஆராய்ச்சியாளரின் கண் மீண்டும் காந்தத்தின்பாற் சென்றது. இம்முறை கம்பிச் சுருளின் காந்தமன்று. நிக்கலும் இரும்பும் போன்ற அயக்காந்தப் பொருள். அயக்காந்தம் தன் காந்தத் திசையை மின்னின்றியே நெடுங்காலம் வைத்திருக்கும். மிகச் சிறிய துண்டாக்கினும் வைத்திருக்கும். பாயச் சொட்டைப் பிடித்து வைக்கப் பெரிய வளையம் வேண்டியதில்லை. பழைய பெரைற்று வளையத்தின் அறிவு அணுவளவினதாகத் திரும்பி வந்தது என்று கூறினும் பொருந்தும். ஆயின் அக்காந்தத்தின் நிலையை மீக்கடத்தி எங்ஙனம் அறியும்? பகைவர் இருவரும் ஒரே சந்தியினுள் எங்ஙனம் இருப்பர்?

விடை கூப்பர்ச் சோடியில் இருக்கின்றது. சோடியின் இரு இலத்திரன்களும் எதிர்த்திசைத் தற்சுழற்சியுடையவை. அயக்காந்தப் பொருளோ எல்லாத் தற்சுழற்சிகளையும் ஒரே திசைக்குத் திருப்ப முயல்வது. அதனாற் சோடி அங்கே நெடுந்தூரஞ் செல்லாது சிதையும். சில நனோமீற்றர் தடிப்புள்ள படலமாயின் சிதையுமுன் கடந்துவிடும். ஆனால் மாற்றமின்றிக் கடப்பதில்லை. இருவர் காலொத்து நடந்து செல்கின்றனர் என்க. ஒருவர்க்கு மாத்திரம் அடி சிறிது நீண்டுவிடின், சில அடிகளுக்குப் பின் ஒருவர் வலக்காலை வைக்கும்போது மற்றவர் இடக்காலை வைக்கும் நிலை வரும். அயக்காந்தத்தினூடு செல்லுஞ் சோடிக்கு இதனையொத்தது நேர்கின்றது. அதன் அலையின் அவத்தை படிப்படியாக விலகி, ஒரு குறித்த தடிப்பில் அலை தலைகீழாகி வெளிவரும். இயல்பான சந்தியை 0 சந்தி என்றும், தலைகீழாக்குவதை π சந்தி என்றும் வழங்குவர். புசுடினும் அவர் துணைவரும் 1982 ஆம் ஆண்டில் இதனைக் கணிதத்தால் முன்னுரைத்தனர். மொஸ்கோவுக்கு அணித்தான செர்னகலோவ்காவிலே இரியசானொவும் அவருடன் ஆராய்ந்தோரும், நையோபியங்களுக்கிடையே செம்பு-நிக்கற் கலப்புலோகத்தை வைத்து, 2001 ஆம் ஆண்டில் அதனைப் பரிசோதனையாற் காட்டினர். சந்தியைக் குளிர்விக்கக் குளிர்விக்க அதனூடு செல்லத்தக்க ஓட்டம் குறைந்து, ஏறத்தாழ இல்லையாகி, பின் மீண்டும் வளர்ந்தது. 0 நிலையினின்று π நிலைக்கு மாறியதன் அடையாளம் அதுவே. அக்கட்டுரையை எழுதியோருள் ஒருவர், ஒன்னெசின் பெயரைத் தாங்கிய லெய்டன் ஆய்வுகூடத்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இதனை நினைவுக்கூறாக மாற்றுதற்கு இன்னும் ஒரு படியே வேண்டியிருந்தது. ஒரு காந்தப் படலத்துக்குப் பதிலாக இரண்டை வைத்தல். ஒன்று திசை மாறாத நிக்கற் படலம். மற்றது எளிதில் திசை மாறும் நிக்கல்-இரும்புக் கலப்புலோகப் படலம். இரண்டும் ஒரே திசையில் நின்றால், முதற்படலத்தில் முந்திய இலத்திரன் இரண்டாவதிலும் முந்தும், விலகல் கூடும். எதிர்த்திசையில் நின்றால், முதலிற் பிந்தியது இரண்டாவதில் முந்தி, விலகல் குறையும். தடிப்புக்களைத் தக்கவாறு தெரிந்துகொண்டால், ஒரு நிலையிற் சந்தி π ஆகவும் மறு நிலையில் 0 ஆகவும் அமையும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து நோர்மன் பேர்ச்சின் குழுவினர் 2016 ஆம் ஆண்டில் இங்ஙனம் விரும்பியவாறு மாற்றத்தக்க சந்தியை வெளிப்படுத்தினர். இதனை இரு சாதாரண யோசப்சன் சந்திகளுடன் சிறு வளையமொன்றிற் பொருத்தினால், வளையத்தினூடு தடையின்றிச் செல்லத்தக்க ஓட்டத்தின் உயரெல்லை அவத்தைக்கேற்ப வேறுபடும். அவ்வேறுபாட்டால் 1, 0 என வாசிக்கலாம். நினைவு காந்தத்தில் இருப்பதால், வளையம் முழுப் பாயச் சொட்டொன்றைச் சுமக்க வேண்டியதில்லை. வாசிக்கும் வேலையைச் செய்வன காவலிச் சந்திகளாகையால் வேகமும் குன்றாது. 2018 ஆம் ஆண்டில் நோர்த்ரொப் குறுமன் நிறுவனத்தார் இவ்வகை நினைவுக்கூறொன்றை இயக்கிக் காட்டினர்.

இவ்வாராய்ச்சி வெறும் ஆர்வத்தால் நடப்பதன்று. அனைத்துலகச் சக்தி முகவர் நிலையத்தின் கணிப்பின்படி, 2024 ஆம் ஆண்டில் தரவு நிலையங்கள் உலகின் மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 வீதத்தை நுகர்ந்தன. அப்பங்கு வளர்ந்து வருகின்றது. இத்தேவையை முன்னுணர்ந்தே, 2014 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி முகவர் நிலையமொன்று மீக்கடத்திக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, கணிக்குஞ் சுற்றுக்களோடு குளிர் நினைவகத்தையும் சரிபாதியான குறிக்கோளாக வைத்தது. ஐ.பி.எம். அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டனர் எனலாம். மீக்கடத்திச் சுற்றுக்களாலான சொட்டுக் கணினிகள் ஒரு கெல்வினின் நூறிலொரு பங்களவான வெப்பநிலையில் இயங்குவன. அவற்றைக் கட்டுப்படுத்தும் கம்பிகள் பெருகப் பெருக, அருகே குளிரிலிருந்து பணி செய்யும் கணிப்பானும் நினைவகமும் அவற்றுக்கும் வேண்டப்படும்.

காந்தச் சந்தி முழு வெற்றி பெற்றுவிட்டது என்று எண்ணுதல் தவறாகும். வாசித்தல் எளிதாயிற்று, எழுதுதல் இன்னும் எளிதாகவில்லை. காந்தப் படலத்தின் திசையைத் திருப்ப, அருகே செல்லும் தடத்தில் ஓட்டத்தைச் செலுத்திக் காந்தப்புலம் உண்டாக்க வேண்டும். அவ்வோட்டம் மில்லி அம்பியர் அளவினது. கணிக்குஞ் சந்திகளோ அதிற் பத்திலொரு பங்கான ஓட்டத்தில் இயங்குபவை. படலத்தைச் சிறிதாக்க, அது திசை மாறாது நிற்றற்காக மேலும் உறுதியுடையதாதல் வேண்டும். உறுதியானதைத் திருப்ப மேலும் ஓட்டம் வேண்டும். அன்றியும், சில நனோமீற்றர் தடிப்பில் ஓரிரு அணுவரிசை கூடினும் குறைந்தாலும் அவத்தை பிசகும். கோடிக்கணக்கான கூறுகளையும் அத்துணைத் திருத்தமாகப் படியச் செய்தல் வேண்டும். குரோவும் அவர் காலத்தவரும் ஈயப் படலத்தின் ஓரங்களோடு போராடிய அதே போராட்டம், இன்று அணுவரிசைகளின் அளவில் நடைபெறுகின்றது.